வெளுத்த எண்ணெய்

பட்டறை வாசலில் குவாரி டிப்பர் உறுமிக்கொண்டு நிற்கிறது. அதன் பிரேக் தட்டுகள் எண்ணெயில் மூழ்கியே சுழல்பவை; இறக்கத்தில் அவை கக்கும் சூட்டை அந்த எண்ணெய்தான் சுமந்துபோய்க் கூலரில் ஓடும் தண்ணீரிடம் விடுகிறது. பிரேக்கிலிருந்து பிடித்த எண்ணெய் என் கையில், கண்ணாடிக் குப்பியில். தேன்போல் தெளிந்திருக்க வேண்டியது பால் விட்ட தேநீராக வெளுத்திருக்கிறது. கூலருக்குள் தண்ணீர் கசிந்து கலந்துவிட்டது. புதுக் கூலர் மாட்டினால் அரைமணி நேரம் காற்றேற்றிக் கசிவு பார்ப்பது எங்கள் பட்டறை வழக்கம். இந்த வண்டியின் புதுக் கூலருக்கு அப்படிப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருப்பவன் என் தம்பி. குப்பியைக் கண்டதும் அவன் முகம் செத்துவிடுகிறது.

“அண்ணே, சத்தமா பேசாதீங்க. ஒரு நடை போய்ட்டு வரட்டும், சாயங்காலம் மாத்திடறேன். வெளிய தெரிஞ்சா அப்பா பேரு என்னாகும்?”

அப்பா பேரை இவன் எனக்கு நினைவூட்டுகிறான். மேலே இருக்கையிலிருந்து டிரைவர் எட்டிப் பார்க்கிறார்.

“என்ன பெரியவரே, அண்ணன் தம்பி ரகசியம்? சொத்தை அப்புறம் பிரிச்சுக்கங்க. நான் கிளம்பட்டுமா?”

டிப்பரின் இரும்பு ஏணியில் ஏறுகிறேன். டிரைவரைத் தாண்டிக் கைநீட்டி, சாவியைத் திருகி எஞ்சினை அணைக்கிறேன். யாரிடமும் சொல்லிப் பழகாத வார்த்தை அது. ஆனாலும் பட்டறை முழுக்கக் கேட்கும்படி வருகிறது.

“இறங்குங்க. இறக்கத்துல பிரேக் கைவிட்டுடும். தப்பு எங்க வீட்டோடது.”

டிரைவரின் சிரிப்பு மெல்ல அடங்குகிறது. அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்கண்ணாடிக்கு அப்பால், குவாரிக்குள் வளைந்து இறங்கும் பாதையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.