பதினாறு நாள் விலக்கு

லேப் முடிந்து வெளியே வந்த செண்பகவல்லியின் கைபேசியில், பல்கலைக்கழக அவசர உதவி நிதியிலிருந்து இருபதாயிரம் வந்திருந்தது. அவள் விண்ணப்பிக்கவே இல்லை. இப்போதெல்லாம் கஷ்டம் வருவதற்கு முன்பே பணம் வந்துவிடுகிறது. என்ன கஷ்டம் என்றுதான் சொல்ல மாட்டார்கள். கூடவே வருகைப் பதிவில் பதினாறு நாள் விலக்கு. காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் யாரும் பதினாறு நாள் தருவதில்லை. அது சாவு வீட்டில் காரியம் முடியும்வரைக்குமான கணக்கு.

நிதி அலுவலகத்துக்கு ஓடினாள்.

"இந்தப் பணம் எனக்கு வேண்டாம் சார், திருப்பி எடுத்துக்குங்க."

"எடுத்துக்கிட்டா, வர்றது வராம போயிருமாம்மா?" என்றார் எழுத்தர், தலை நிமிராமல்.

வீட்டில் இருப்பது அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். கோவில்பட்டிக்கு அழைத்தாள். மூன்றாவது முறைதான் அம்மா எடுத்தாள்.

"அப்பா எங்கம்மா? நல்லா இருக்காரா?"

"இங்கதான் இருக்காரு. மில்லுல அவருக்குப் பதினாறு நாள் லீவு குடுத்து, பணமும் போட்டிருக்காங்களாம். எதுக்குன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்காரு. என் மொகத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு."



"உனக்கு... உனக்கு எதுவும் வரலையாம்மா?"

"நல்லாக் கேட்ட போ!" அம்மா சிரித்தாள். "எனக்கு யாருட்டி லீவு குடுக்கப்போறா?"