காக்கா காட்டும் நேரம்

முத்தியால்பேட்டை மாடி வீட்டுக்குள் ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுகிறது. கவிநிலாவை வேலைக்கு ஏற்றிப்போகும் சேதராப்பட்டு கம்பெனி பஸ் இன்றைக்கு வராது. ஆனாலும் தெருவில் எழும் ஒவ்வொரு ஹாரனுக்கும் அவள் உடம்பு எழுந்து எழுந்து அடங்குகிறது. அவள் மடியில் பத்து மாதக் குழந்தை, டப்பா மூடியைத் தரையில் தட்டிக்கொண்டே இருக்கிறது. மற்ற நாட்களில் இந்நேரம் குழந்தையின் அப்பா சிலம்பரசன் அதை ஜன்னலுக்குத் தூக்கிப்போய்க் காக்கா காட்டுவான். அது அண்ணாந்து பார்க்கும் நொடியில் கவிநிலா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசையில்லாமல் படியிறங்கிவிடுவாள். குழந்தையை அழவைக்காமல் கிளம்பிவிட்டதாக இருவருக்கும் நிம்மதி. இப்போது மதில்மேல் நிஜமாகவே ஒரு காக்கை வந்து உட்கார்ந்து தலையைச் சாய்க்கிறது. "பாப்பா, அங்க பாரு, காக்கா!" கவிநிலா ஆசையாகக் கை நீட்டுகிறாள். தட்டும் சத்தம் நிற்கிறது. குழந்தை மதிலைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்க்கிறது. சட்டென்று மடியிலிருந்து சறுக்கி இறங்கி, வாசலுக்கு விறுவிறுவென்று தவழ்கிறது. "இன்னிக்கி லீவுடி செல்லம், அம்மா எங்கயும் போவல." காக்கை விடாமல் கரைகிறது. குழந்தை திரும்பவே இல்லை. அம்மாவின் செருப்பில் ஒன்றை இழுத்து, இரண்டு கைகளாலும் மார்போடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.