நாலு பேர்

ராசையா செருப்பைத் தேடும்போதெல்லாம் மகன் பூபாலன் தன் நாற்காலியை ஓட்டிவந்து வாசலை மறித்துக்கொள்வான்.

"பால் வாங்கத்தான்டா போறேன். பக்கத்துத் தெருதானே."

"நீங்க நடந்து போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க? பெத்தவருக்கு ஒரு நாற்காலி வாங்கிக் குடுக்க வக்கில்லைன்னு பேச மாட்டாங்களா?"

விளாங்குடியில் அப்போது வேறு யாரும் நடப்பதில்லை; போகவேண்டிய இடத்தைச் சொன்னால் நாற்காலியே கொண்டுபோய் விட்டுவிடும். கடைசியில் ராசையாவும் மகன் வாங்கிக் கொடுத்த ஓடும் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் கால் மரத்தது. பிறகு சூம்பியது. சில வருடங்களில், ஒரு காலையில், உட்கார்ந்தபடியே உயிர் போயிருந்தது.

கடையிலிருந்து பாடை வந்து இறங்கியது. தெரு நிறைய நாற்காலிகளில் சொந்தக்காரர்கள்.

"தோள் குடுக்க நாலு பேர் வாங்கப்பா" என்றார் பூபாலனின் தாய்மாமன். அவரும் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்.

யாரும் எழவில்லை. பூபாலன் கைப்பிடியை ஊன்றி எழுந்து பார்த்தான். முழங்கால் வெடவெடக்க, அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டான். அப்பாவைத் தூக்கிப் பாடையில் கிடத்தக்கூட அந்தத் தெருவில் ஆளில்லை.

வேறு வழியில்லாமல் அவரை நாற்காலியோடு சேர்த்து வேட்டியால் கட்டி, மாலை போட்டார்கள்.

"சுடுகாடு" என்றான் பூபாலன்.

நாற்காலி வழக்கம்போலக் கேட்டது: "சௌகரியமா உட்கார்ந்திருக்கீங்களா, ஐயா?"

யாராவது பதில் சொன்னால்தான் அது நகரும். தெருவே பூபாலனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றான்.