ஆறு மணிச் சண்டை

“கம்போக் குழம்புல வெண்டைக்காய் போடறவளுக்குப் போய் மோதிரம் போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

“மோதிரத்துக்கு விரலை நீட்டினது நான். நீ இத்தனை வருஷமா நீட்டினது தட்டை மட்டும்தான்!”

பக்கத்து வீட்டு அல்சீட், ஓடில் தம்பதியின் மாலை ஆறு மணிச் சண்டை தொடங்கிவிட்டது. டெல்ஃபின் கையிலிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஜன்னலோரம் ஓடினாள். ரப்பர் மூடியை எடுத்து வாயில் பொருத்திக்கொண்டாள். மூடிக்குள் மைக். எதிரே கணினி.

“அல்சீட். கம்போக் குழம்புல வெண்டைக்காய் போடறவளுக்குப் போய் மோதிரம் போட்டேன் பாரு, கால்புள்ளி, என்னைச் சொல்லணும், ஆச்சரியக்குறி. ஓடில். மோதிரத்துக்கு விரலை நீட்டினது நான், முற்றுப்புள்ளி...”

முணுமுணுப்பு வெளியே கேட்காது. சிரிக்கக் கூடாது, ‘ஐயோ பாவம்’ என்று குரல் இறங்கவும் கூடாது. கோர்ட்டில் ஜட்ஜ், வக்கீல், சாட்சி யார் வாய் திறந்தாலும், அவர்கள் பேசப் பேசவே, பேசுகிறவர் பெயர், நிறுத்தக்குறி எல்லாவற்றோடும் மூடிக்குள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கணினி அதை எழுத்தாக்கிக்கொள்ளும். அந்த வேலைக்குத்தான் டெல்ஃபின் படிக்கிறாள்.

தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. ஒருவர் பேசினால் எவ்வளவு வேகமானாலும் பிடித்துவிடுவாள். இரண்டு பேர் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்ட ஆரம்பித்தால் நாக்கு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். இரண்டாம் தடவை தோற்ற அன்று வாசற்படியில் உட்கார்ந்து, போனில் அக்காவிடம் சொல்லி அழுதாள். இந்தத் தடவையும் போனால் உள்ளூர் கோர்ட்டில் காலியாக இருக்கும் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அப்போதுதான் கடவுளாகப் பார்த்து இந்தச் சண்டையைக் கொடுத்தார். அதுவரை அல்சீட், ஓடில் இருவரும் அதிர்ந்து பேசிக்கூட யாரும் கேட்டதில்லை.

அடுத்தவர் சண்டையை ஒட்டுக் கேட்பது தப்புதான். ஆனால் இவ்வளவு வேகமாக, இவ்வளவு தெளிவாகச் சண்டை போட இந்த லூசியானாவில் வேறு ஆள் ஏது?

“கேட்டியாடி?” என்றாள் மறுநாள் காலை எதிர் வீட்டு வெர்னா, குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டே. “கல்யாணம் பண்ணிக்கப் போற ஜோடிங்களுக்கு சர்ச்ல புத்தி சொல்ற வகுப்பு, இவங்க ரெண்டு பேரும்தானே நடத்துவாங்க? ஃபாதர் நிறுத்திட்டார். போன ஞாயிறு ஒரு பொண்ணு இவங்க சண்டையைக் கேள்விப்பட்டு, கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வருஷம் டைம் கேட்டாளாம்!”

“ஐயய்யோ.”

“உனக்கும் அவங்களுக்கும் ஒரே சுவர். எப்படித்தான் காதைப் பொத்திக்கிட்டு இருக்கியோ!”

“ம்... கஷ்டம்தான்” என்றாள் டெல்ஃபின், தரையைப் பார்த்துக்கொண்டே.

அன்றைக்குச் சண்டை, வண்டியைப் பற்றி.

“வண்டி கால்வாய்ல இறங்கினப்போ நீ எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டிருந்த?”

“ரோட்டைத்தான் பார்த்தேன்.”

“அந்த ரோட்டுல யாரு நின்னா?”

“அதுக்கும் இதுக்கும் என்ன...”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, மனுஷா!”

அசல் குறுக்கு விசாரணை! டெல்ஃபினுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து, மூடியை மீறி ஒரு தும்மல்.

சுவருக்கு அந்தப் பக்கம் சட்டென்று அமைதி.

டெல்ஃபின் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மெல்ல மூக்கைத் துடைத்தாள். மூடியைத் திரும்பப் பொருத்தினாள்.

“...பதில் சொல்லுன்னேன்!” என்று மறுபடி தொடங்கினாள் ஓடில்.

நல்லவேளை, கண்டுகொள்ளவில்லை.

தேர்வு நாளில் இரண்டு வக்கீல்களாக நடித்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி விழாத குறையாகக் கத்தினார்கள். வெண்டைக்காய்ச் சண்டைக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம்! டெல்ஃபின் ஒரு வார்த்தையைக்கூடத் தவறவிட்டதாகத் தெரியவில்லை.

பாஸ்!

சந்தோஷத்தோடு கூடவே நெஞ்சில் முள்ளும் குத்தியது. பேசினதைப் பேசினபடி பதிவு செய்கிற வேலைக்குப் போகிறவள், பொய்யோடா தொடங்குவது? ஒரு பெட்டி பிரலீன் மிட்டாய் வாங்கிக்கொண்டு நேரே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஓடில்தான் திறந்தாள்.

“மிஸ் ஓடில், என்னை மன்னிச்சிடுங்க. நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறப்ப எல்லாம் நான் ஜன்னல்கிட்ட உக்காந்து...”

“அது கிடக்கட்டும். பாஸா?”

“பாஸ்தான்... ஆனா...” டெல்ஃபின் திகைத்தாள். “உங்களுக்கு எப்படி...?”

“அன்னிக்குப் படியில உக்காந்து, ‘ரெண்டு பேர் சேர்ந்து பேசினா என்னால முடியலை’ன்னு அழுதியே. சுவர் உன் பக்கம் மட்டுமா மெலிசு, கண்ணு?”

டெல்ஃபின் மிட்டாய்ப் பெட்டியை நீட்டினாள். “உங்க வகுப்பு... ஃபாதர்...”

“இப்பப் போய் உண்மையைச் சொல்லிட்டாப் போச்சு. அவர் எங்களுக்கே புத்தி சொல்ல வந்துட்டார் தெரியுமா? சிரிப்பை அடக்கிக்கிட்டுத் தலையாட்டறதுக்குள்ள உயிர் போயிடுச்சு.” ஓடில் மிட்டாய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினாள். “அல்சீட்! பொண்ணு பாஸ் பண்ணிட்டா!”

உள்ளேயிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

“அப்பாடா! அப்ப நாளைக்காவது கம்போவுல வெண்டைக்காயைப் போடுடி. சண்டைக்காக அதை விட்டதுலேருந்து எனக்குச் சாப்பாடே இறங்கலை!”