ஏழாவது ஆல்பம்

"பாடுதவன் போனா பாண்டே செத்துப் போச்சுன்னு அர்த்தமா மக்கா?"

சகாயம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். டிஜோவின் கையிலிருந்த சாயா ஆறி ஆடை படிந்திருந்தது.

"செத்துப் போச்சுன்னு சொல்லல்ல மாமா. அந்த ஏழாவது ஆல்பத்துல பழைய உயிரு இல்லன்னுதான் சொல்லுதேன்."

சித்தப்பா ஆன்ட்ரூஸ் அவன் காலை மிதித்தார். பெண் பார்க்க வந்த வீட்டில், பெண்ணின் அப்பாவோடு மல்லுக்கு நிற்க வேண்டுமா என்பது அந்த மிதியின் பொருள்.

வேண்டாம்தான். ஆனால் டிஜோவால் நிறுத்த முடியவில்லை.

குளச்சலில் இந்தச் சம்பந்தத்தைச் சொன்ன தரகர் ஒரு ரகசியமும் சொல்லியிருந்தார். சகாயம் பதினெட்டு வருஷம் மஸ்கட்டில் இருந்தவர். 'கிரே ஆங்கர்' என்ற பழைய இங்கிலீஷ் ராக் பாண்டு என்றால் அவருக்கு உயிர். அதைப் பற்றி நாலு வார்த்தை பேசினால் கல்யாணம் முடிந்த மாதிரி.

டிஜோவுக்குத் தெரிந்த சங்கீதம் கோயில் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று வாயசைப்பது. வடசேரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து மனப்பாடம் செய்தான். ஆறு ஆல்பங்கள். பிறகு பாடகரும் டிரம்மரும் விலகினார்கள். புது ஆட்கள் வந்தார்கள். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அதற்குமேல் என்ன ஆயிற்று என்பது மூன்றாம் பக்கத்தில் இருந்திருக்கும். பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது.

அந்த மூன்றாம் பக்கத்தைத்தான், முறுக்குத் தட்டோடு வந்த பெண் பெபிஷா கேட்டாள்.

"ஆளு மாறின பிறகு வந்த ஏழாவது ஆல்பம் கேட்டிருக்கீங்களா? காப்பர் விண்டர்?"

பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுப்பவள். அவளைப் பார்த்ததும் பிடித்துப்போன டிஜோ, "கேக்காமலா?" என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு வார்த்தையில் தொடங்கியது, இப்போது அரைமணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

"புது ஆளு குரல்ல ஒரு கரகரப்பு உண்டும். அதாக்கும் அழகு" என்றார் சகாயம்.

"கரகரப்பு சரி மாமா. ஆனா நாலாவது பாட்டுல டிரம்ஸ் ஒரு பக்கம் ஓடுது, பாட்டு ஒரு பக்கம் ஓடுது."

எங்கிருந்துதான் வருகிறதோ என்று அவனுக்கே வியப்பாக இருந்தது.

"அது நாலாவது இல்ல, அஞ்சாவது!"

"கேசட்டுல அஞ்சாவது மாமா. சி.டி.யில நாலாவது."

சகாயம் கொஞ்சம் யோசித்தார். "அது ஒக்கும்" என்று ஒத்துக்கொண்டார்.

ஆன்ட்ரூஸ் நிம்மதியாக ஒரு முறுக்கை எடுத்தார். ஆனால் சகாயத்தின் குரல் திடீரென்று இறங்கியது.

"மக்கா, உனக்கு அது வெறும் டிரம்ஸ். தொண்ணூத்தி ரெண்டுல எனக்க அம்ம மரிச்சப்போ லீவு கெடைக்கல்ல. முகத்தைக்கூடப் பாக்கல்ல. ரூமுல ஒத்தைக்கு இருந்து அந்தப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன். ஆளு போனாலும் பாட்டு நிக்காதுன்னு எனக்குச் சொன்னது அதாக்கும்."

அவர் கண்கள் கலங்கியிருந்தன.

தாயை இழந்த மனுஷனை ஆற்றிய பாட்டைப் போய், கேட்காமலேயே நொட்டை சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று டிஜோவுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. சாயாவைக் கீழே வைத்தான்.

"மாமா, என்னைய மன்னிக்கணும். நான் அந்த ஆல்பத்தைக் கேட்டதே இல்ல. அந்தப் பாண்டுல ஒரு பாட்டுகூடக் கேட்டதில்ல. உங்களுக்குப் பிடிக்கணும்னு ரெண்டு பக்கம் படிச்சிட்டு வந்து அளந்துகிட்டு இருக்கேன்."

ஆன்ட்ரூஸ் கண்களை மூடிக்கொண்டார்.

"கேக்காத பாட்டுக்கா எனக்கிட்ட இவ்வளவு நேரம் வாதாடினே?" சகாயம் எழுந்துவிட்டார். "பாட்டுல பொய் சொல்லுதவன் வேற எதுலதான் சொல்லமாட்டான்? இரி, அந்தக் கேசட்டை எடுத்துட்டு வாறேன். கேட்டுட்டே போ!"

அவர் விடுவிடுவென்று உள்ளே போனார். ஆன்ட்ரூஸ் ஆட்டோ பார்க்கத் தெருவுக்குப் போனார்.

டிஜோ வாசலில் செருப்பைத் தேடினான். முப்பத்தொரு வயதில் இது அவன் பார்க்கும் ஆறாவது பெண். ஆறாவது பெண்ணை ஏழாவது ஆல்பத்தில் தொலைத்தவன் இந்த ஜில்லாவிலேயே தான் ஒருத்தனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"எனக்குச் சம்மதம்."

திரும்பினான். பெபிஷா கதவருகே நின்றிருந்தாள்.

"நான் சொன்னது கேட்டியள்லா? அவ்வளவும் பொய்யி" என்றான்.

"கேட்டேன். அதான் சம்மதம்."

உள்ளே கேசட்டுகள் தரையில் சரியும் சத்தம் கேட்டது.

"உங்க அப்பா எனக்க மேல நல்ல கோவத்துல இருக்காவ. முதல்ல அந்தக் கேசட்டு கெடைக்கட்டும்" என்றான் டிஜோ.

பெபிஷா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கெடைக்காது. புது ஆளு வந்தும் ஆறு ஆல்பத்தோட அந்தப் பாண்டு கலைஞ்சு போச்சு. ஏழாவதுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது, பேரை நான்தான் உண்டாக்கினேன். அப்பா மஸ்கட்டுல ஏதோ பாட்டைக் கேட்டு அழுதது நெசம். வாற மாப்பிளைமாரோட எல்லாம் சண்டை போட்டுப் போட்டு அது இந்த ஆல்பந்தான்னு அவரே நம்பிட்டாரு."

"மாப்பிளைமாரா?"

"உங்களுக்கு முந்தி நாலு பேரு வந்தாவ. நாலு பேரும் அந்த ஆல்பத்தைக் கேட்டிருந்தாவ."