சிவப்பா, நீலமா?

"சிவப்பு வந்தா நீ மன்னிப்புக் கேக்கணும். நீலம் வந்தா அண்ணி கேக்கணும். அவ்வளவுதான் ஆட்டம்" என்றான் கணவன், வாயெல்லாம் பல்லாக.

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் படர்ந்திருந்த ஈரத் திட்டையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக அந்தத் திட்டுதான் வீட்டை இரண்டாக்கி வைத்திருந்தது.

கீழே தம்பி குடும்பம், மாடியில் அண்ணன் குடும்பம். மகனின் பிறந்தநாளன்று இருபது உறவுக்காரர்கள் முன்னால், "மேல பக்கெட் பக்கெட்டா ஊத்தி என் சுவரைக் கரைக்கிறாங்க" என்று சின்னவள் வாயை விட்டுவிட்டாள். அன்றோடு ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு நின்றது. மாடிப்படி கூடத்துக்குள்ளேயே இறங்குவதால், பெரியவள் தினமும் அந்தச் சுவரைத் தாண்டி, இவள் முகத்தை மட்டும் பார்க்காமல் போய் வந்தாள். அண்ணன் தம்பி இருவரும் வீட்டை விற்றுவிடலாமா என்று பேசும் அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது.

கடைசியில் சுவர் டாக்டரைக் கூப்பிட்டார்கள். கசிவு அடைப்பவருக்கு ஊரார் வைத்த பெயர் அது.

"கான்கிரீட்டுக்குள்ள எங்க நுழைஞ்சு எங்க வெளிய வரும்னு தண்ணிக்கே தெரியாதும்மா. அதுக்குத்தான் சாயம்" என்றவர், கீழ்க் குளியலறையில் வடிகாலை அடைத்து, தரையில் சிவப்புத் தண்ணீரைத் தேக்கினார். மாடிக் குளியலறையில் நீலம். இரண்டு இடத்திலும் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார்.

"நாளைக் காலைல சுவரே சொல்லிடும். அதுவரைக்கும் யாருக்கும் குளியல் கிடையாது."

கணவனுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டது போலச் சந்தோஷம்.

"ஒருவேளை சிவப்பு வந்துட்டா? அந்த இருபது பேர் முன்னாடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? நான் எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன்" என்றாள் சின்னவள். படியில் யாரோ ஏறும் சத்தம் சட்டென்று நின்று, பிறகு மெல்ல மேலே போனது.

மறுநாள் காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடி வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். சுவர் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. பளிச்சென்று கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

பக்கத்தில் பெரியவள் நின்றிருந்தாள். வலது கையில் சமையலறைத் துணியைச் சுற்றியிருந்தாள்.

"ரெண்டும் கலந்திருக்கு. உங்க வீட்டுத் தண்ணியும் எங்க வீட்டுத் தண்ணியும் நமக்கு முன்னாடியே ராசியாயிடுச்சு" என்றாள். ஆறு மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு.

சின்னவள் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. பழி பாதியாகப் பிரிந்ததில், நெஞ்சில் இருந்த பாரம் மொத்தமும் இறங்கிவிட்டது.

"நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா."

"நான் மட்டும் என்ன, ஆறு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். விடு."

"கையில என்னக்கா கட்டு?"

"பால் பாத்திரம் சுட்டுடுச்சு."

"மருந்து போடறேன், காட்டுங்க."

"வேண்டாம், தானா ஆறிடும்" என்று பெரியவள் கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

சுவர் டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இப்படி ஒரு கலரை நான் பார்த்ததே இல்லையே" என்று முனகியபடி கீழே வேலையை ஆரம்பித்தார். விரிசலை ஒட்டி வரிசையாகத் துளை போட்டு, குழாய் சொருகி, உள்ளே மருந்தை ஏற்றினார். குளியலறைத் தரையின் இடுக்குகளையும் அடைத்தார். அவர் முடிப்பதற்குள் ஓரகத்திகள் இருவரும் ஆறு மாத ஊர்க்கதை முழுவதையும் பேசித் தீர்த்திருந்தார்கள். இரண்டு கணவர்களும், இனி வீட்டை விற்கும் பேச்சையே எடுப்பதில்லை என்று கண்ணாலேயே முடிவு செய்துகொண்டார்கள்.

"சரி, மாடியையும் முடிச்சுடறேன்" என்று டாக்டர் துளைக்கருவிப் பெட்டியைத் தூக்கினார்.

"மேல ஒண்ணும் அவசரமில்லண்ணே. அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று பெரியவள் குறுக்கே வந்தாள்.

"பாதியில விட்டா என் பேரு கெட்டுடும்மா" என்று அவர் ஏறிவிட்டார்.

போன வேகத்திலேயே திரும்பி வந்தார். பெட்டியைக் கூடத் திறக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் புரியலம்மா. கீழ சிவப்புத் தண்ணி கோட்டை விட்டு ஒரு விரல் இறங்கியிருந்துச்சு. மேல நீலம் போட்ட கோட்டுலயே நிக்குது. அங்க கசிவே இல்ல. ஓரத்துல ஒரு டம்ளர்தான் கிடக்கு, உள்ள எல்லாம் நீலக் கறை."

சின்னவள் சுவரைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பினாள். பெரியவள் ஜன்னல் பக்கம் போய், ஒன்றுமே இல்லாத வானத்தை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் அருகில் போய் நின்றாள்.

"அக்கா, அந்தச் சுட்ட கையைக் கொஞ்சம் காட்டுங்க."