கடைசிப் பத்துப் பைசா

"இன்னா வருஷம் சார்?" என்றாள் தேவானை.

ஆனந்தகுமார் மண்ணில் முழங்காலிட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷின் நுனியால் காசின் மேலிருந்த சேற்றை ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தான்.

"இப்புடிக் குடு, நான் தேய்க்கிறேன்."

"ஐயோ, தேய்க்கவே கூடாதுக்கா! தேய்ச்சா எழுத்தே போயிடும்."

"கொயந்தைக்கு மூஞ்சி கழுவற மாதிரி கழுவிக்கினு கீறியே சார். ஒம்போது மணிக்கு பொக்லைன் வந்துரும்."

மணி எட்டே கால். ஆற்றங்கரையை மட்டம் தட்டி, நடைபாதைக்கு சிமென்ட் போடப் போகிறார்கள். ஒன்பது மணிவரைதான் அனுமதி என்று வாட்ச்மேன் கறாராகச் சொல்லியிருந்தார்.

இந்தக் கோட்டூர்புரம் கரையில்தான் ஒரு காலத்தில் தேவானையின் வீடு இருந்தது. குடிசைகளை எடுத்த பிறகு, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஏழாவது மாடி. பெருங்குடியில் ஆனந்தகுமார் வேலை பார்க்கும் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் அவள்.

ஆனந்தகுமாரின் பைத்தியம் ஆபீஸ் முழுக்கத் தெரியும். ஞாயிறு காலைகளில் மெட்டல் டிடெக்டரோடு பெசன்ட் நகர் கடற்கரையில் அலைவான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேஜை மேல் காகிதம் விரித்து, பழைய காசுகளைக் கழுவிக்கொண்டிருப்பான். இரண்டு வருட உழைப்பில் முக்கால்வாசி சோடா மூடிதான். 'மூடி சேட்டு' என்றுதான் அவனுக்குப் பெயர்.

தேவானை மட்டும் சிரித்ததில்லை. போன வெள்ளிக்கிழமை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் எதிரில் வந்து நின்றாள்.

"எங்க நைனாவோட காசு ஆத்தங்கரை மண்ணுல கீது சார். வரிசையா போவும். காசு எனக்கு வேணாம். அது எங்க முடியுதுன்னு மட்டும் உன் மிஷின வச்சிக் காட்டிடு. திங்கக்கெழம சிமிட்டி போட்டுருவாங்களாம்."

காசு வேண்டாம், முடியும் இடம் போதும் என்கிறாள். அப்படியென்றால் அந்த இடத்தில் இருப்பது காசைவிடப் பெரிது. ஆனந்தகுமார் அதற்கு மேல் யோசிக்கவில்லை. புது பேட்டரி வாங்கினான்.

"எண்பத்தொண்ணு" என்றான் இப்போது, காசை வெயிலுக்குக் காட்டி.

"அப்ப நம்முதுதான். எண்பத்து மூணத் தாண்டிச்சின்னா தூக்கி எறிஞ்சிரு. நட சார்."

விடிந்ததும் பழைய தெருமுனையில் தொடங்கியிருந்தார்கள். ஆணி, தகரம், மறுபடியும் சோடா மூடி. அவற்றுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒன்றாக, வெள்ளை பூத்த அலுமினியக் காசுகள். நெளிந்த விளிம்போடு பத்துப் பைசா. சதுரமாக ஐந்து பைசா. இதுவரை பதினாறு.

ஒரு இடத்தில் கருவி கணீரென்று கூவியது. பச்சை படிந்த செம்புக் காசு. தண்ணீர் தெளித்தான். விக்டோரியா ராணியின் மூக்கு தெரிந்தது.

"அக்கா! காலணாக்கா! நூத்தம்பது வருஷமாவது இருக்கும்!"

இதற்காகத்தானே இரண்டு வருடம்!

தேவானை ராணியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அத்த நீயே வச்சிக்க. பத்துப் பைசாவப் பாரு."

சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். முள்செடிகளைக் காலால் மிதித்துச் சாய்த்து அவனுக்கு வழி செய்தாள். புறங்கையில் ரத்தம் கோடு போட்டிருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டாள்.

காசு வரிசை ஆற்றை நோக்கிப் போகும் என்று ஆனந்தகுமார் நினைத்திருந்தான். அது பாதியில் இடதுபக்கம் திரும்பி, ஒரு மேட்டில் ஏறியது.

பதினேழு. பதினெட்டு. மேட்டின் மேல் பத்தொன்பதாவது, ஒரு பத்துப் பைசா.

அதற்கப்புறம் கருவி வாய் திறக்கவில்லை.

இடம், வலம், பத்தடி, இருபதடி என்று வட்டமாகச் சுற்றி வந்தான். ஆணிகூட இல்லை. பத்தொன்பதாவது காசிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி மண் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. அங்கே போய் நின்றான். மணி எட்டு ஐம்பது.

"இங்கதான்க்கா" என்றான் மூச்சு வாங்க. "உங்கப்பா ஓட்டைப் பையைத் தூக்கிட்டு ஓடினாரா? வழியெல்லாம் சிந்திக்கிட்டே வந்திருக்காரு பாருங்க!"

சிரித்துக்கொண்டே கையிலிருந்த சின்ன மண்வெட்டியை ஓங்கினான்.

தேவானை அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"அவரு எங்க சார் ஓடினாரு? நாலு பேரு தூக்கிக்கினு வந்தாங்க. முன்னால பொரியும் காசும் எறச்சிக்கினே போனாங்க."

மண்வெட்டி அவன் கையிலிருந்து நழுவியது.

"பொம்பளைங்கள தெருமுனையோட நிறுத்திட்டாங்க. எனக்குப் பதினோரு வயசு. அங்கேந்து இந்தப் பக்கம் வயி தெரியாது. கூடப் போயி பொதச்ச ஆம்பளைங்க ஒருத்தரும் இப்ப உசுரோட இல்ல."

பாலத்துப் பக்கமிருந்து பொக்லைன் உறுமும் சத்தம் கேட்டது. தேவானை திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"கொஞ்சம் நவுந்து நில்லு சார்" என்றாள் மெதுவாக. "நீ நிக்கிற எடமாக்கூட இருக்கும்."